மட்டம் பார்த்த தரை

எங்கள் வீட்டுக்கு டைல்ஸ் போட்டது எனக்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அப்பா மேல் கொஞ்சம், மேஸ்திரி மேல் கொஞ்சம், தரகர் மேல் மீதி என்று பழியைப் பங்கு போட்டுவிட்டு நான் நைசாக நழுவிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியின் ஆபீசில் வேலை. சிறுவாச்சூரிலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் ஸ்கூட்டியில் பத்து நிமிடம் போனால் எங்கள் ஊர். அப்பாவுக்கு மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும். நான் ஒரே பெண். அந்த வயதில் ஒரு பெண் கல்யாணமாகாமல் இருந்தால், பால் வாங்கப் போகும் இடத்தில்கூட நாலு பேருக்கு அக்கறை வந்துவிடும். எனக்கு அந்த அக்கறையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு வரன் வீடு பார்க்க வந்தது. எங்கள் பக்கம் ஜாதகம் பொருந்திய பிறகு பையன் வீட்டார் பெண் வீட்டைப் பார்க்க வருவார்கள். பிடித்துப்போனால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கை நனைத்துவிட்டார்கள் என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. பிடிக்கவில்லையென்றால் பச்சைத் தண்ணீரோடு கிளம்பிவிடுவார்கள். அன்று வந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் குனிந்து பார்த்தார்.

"இன்னும் சிமெண்டுத் தரைதானுங்களா?" என்றார்.

கை நனைக்காமல் போனார்கள். இரண்டு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பொருந்திய ஜாதகம் எங்கள் தரையை மிதித்ததும் எப்படிப் பொருந்தாமல் போனது என்று அப்பா தரகரிடம் கேட்டார். தரகர் சிரித்தார். "வூட்ட கொஞ்சம் பளிச்சுனு பண்ணுங்க, எல்லாம் பொருந்தும்" என்றார்.

அந்த வருடம் வெங்காயம் கைகொடுத்திருந்தது. வெங்காயம் கைகொடுத்தால் அப்பாவைக் கையில் பிடிக்க முடியாது. மறு வாரமே டைல்ஸ் என்று முடிவாகிவிட்டது.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கண் தெரியாது. நான் பன்னிரண்டாவது படிக்கும்போது பார்வையின் ஓரங்கள் மறைக்க ஆரம்பித்தன. காலேஜ் முடிப்பதற்குள் முழுக்கப் போய்விட்டது. கண்ணுக்குள் பிரஷர், முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்று திருச்சியில் டாக்டர் சொன்னார். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். வெளியே போனால் யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் வீட்டுக்குள் அம்மா கண் தெரிந்தவள். கூடத்துக்கும் அடுப்படிக்கும் கொல்லைக்கும் விடுவிடுவென்று நடப்பாள். கொதிக்கிற குழம்புச் சட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் சரியாக வைப்பாள். கரண்ட் ரீடிங் எடுக்க ஆறு வருடமாக வந்துகொண்டிருந்த ஆளுக்கே விஷயம் தெரியாது. "உங்கம்மா ஏன் என் மூஞ்சியப் பாத்தே பேச மாட்டேங்கிறாங்க, எதுவும் கோவமா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்.

எப்படி நடக்கிறாள் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. பழக்கம் என்று நினைத்தோம். கூடத்தில் சிவப்புச் சாயம் கலந்த சிமெண்டு, வழவழவென்று இருக்கும். வாசலிலிருந்து சாமி மாடம் வரை அதில் ஒரு விரிசல் ஓடியது. கூடத்திலிருந்து அடுப்படிக்கு ஒரு சின்னப் படி இறங்க வேண்டும். அடுப்படியில் வெறும் சிமெண்டு, சொரசொரப்பு. பழைய ஆட்டுக்கல்லைப் பெயர்த்தெடுத்து அடைத்த இடம் ஒரு வட்டமாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு எட்டு இடதுபுறம் அடுப்பு. பின்கட்டில் கடப்பா கல், எப்போதும் சில்லென்று இருக்கும். எங்களுக்கு இதெல்லாம் வீட்டின் அசிங்கங்கள். அம்மாவுக்கு அதுதான் கண் என்பது எல்லாவற்றையும் கொத்தி எடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வருகிற மாப்பிள்ளை வீட்டாரிடம் அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்ற பேச்சு வந்தபோது, தரகர்தான் வழி சொன்னார்.

"அத இப்ப ஏன் சொல்லணும்? வூட்டுக்குள்ள அவங்க நடக்கறதப் பார்த்தா எவனுக்குத் தெரியப் போவுது? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? கை நனைச்சிட்டுப் போவட்டும், அப்புறமா பக்குவமா சொல்லிக்கலாம். மொதல்லயே சொன்னா, பொண்ணுக்கும் வருமோன்னு கேப்பான்."

பெண்ணுக்கும் வருமோ என்பதை டாக்டரும் சொல்லியிருந்தார், வேறு விதமாக. பெற்ற பிள்ளைகளும் வருடம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்வது நல்லது என்றார். நான் போகவில்லை. பார்த்து, இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு எவன் கட்டுவான் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தரகர் சொன்ன யோசனை எனக்கும் சரியாகத்தான் பட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்.

டைல்ஸ் எடுக்கப் பெரம்பலூருக்கு நானும் அப்பாவும் போனோம். கடைக்காரர் பூப்போட்டது, மரம் மாதிரி கோடு போட்டது, சொரசொரப்பானது என்று வரிசையாக நிறுத்திக் காட்டினார். எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. பிறகு ஒரு பெரிய தந்தக் கலர் டைல்ஸை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். "மொகம் தெரியும் பாருங்கம்மா" என்றார். தெரிந்தது. என் முகம் அதில் அழகாகக்கூட இருந்தது. வீடு முழுக்க இதுவே போதும், கூடத்துக்கு ஒன்று அடுப்படிக்கு ஒன்று என்று கோமாளி வேஷம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அடுப்படிச் சுவருக்கும் பாத்ரூம் சுவருக்கும் அதே கலரில் சின்ன டைல்ஸ். அம்மாவைக் கேட்டீர்களா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவில்லை. கலரைப் பற்றி அவளிடம் என்ன கேட்பது என்று நினைத்தோம்.

மேஸ்திரி அரியலூர்ப் பக்கத்து ஆள். வேலை தெரிந்தவர், அதில் குறை சொல்ல முடியாது. சுவருக்கான டைல்ஸை முதல் நாளே தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு வைப்பார். ஒவ்வொன்றையும் கலவையில் வைத்து ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். நடுவில் குமிழி நிற்கும் வரை அடுத்ததைத் தொட மாட்டார். வந்த அன்றே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னாங்க இது, ரூமுக்கு ஒரு மட்டம். படி வேற. எல்லாத்தயும் கொத்தி ஒரே லெவலா கொண்டாந்துடறேன். அப்பத்தான் அந்தக் கடைசிலேருந்து இந்தக் கடைசி வரைக்கும் ஒரே தரையா நிக்கும்."

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அப்போதுதான் அம்மா கதவோரமாக வந்து நின்றாள்.

"மேஸ்திரி, அடுப்படிக்கு எறங்கற படிய மட்டும் விட்டுடுங்களேன்" என்றாள்.

"படி இருந்தா தடுக்கும்மா. ஒங்களுக்காவத்தான் சொல்றேன். கண்ணு செரியா தெரியாதவங்களுக்கு மட்டமான தரைதான் பத்திரம்."

"எனக்கு அது தடுக்கறதில்லங்க."

"நீ பேசாம இரும்மா, அவருக்குத் தெரியாதா?" என்று நான் சொன்னேன். அம்மா பேசாமல் போய்விட்டாள். வேலை நடந்த பன்னிரண்டு நாளும் பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். இங்கே கட்டிங் மிஷின் காதைக் கிழித்தது. கொத்தி எடுத்த சிவப்புத் தரையை ஆட்கள் கூடை கூடையாக அள்ளிக் கொல்லையில் கொட்டினார்கள். படியையும் ஆட்டுக்கல் வட்டத்தையும் அப்படித்தான் கொட்டினார்கள்.

வேலை முடிந்த அன்று அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். நிலைப்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தவள் நின்றுவிட்டாள். வலது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டித் தேய்த்துப் பார்த்தாள். இடது காலைத் தேய்த்துப் பார்த்தாள். அப்பா ரொம்பப் பெருமையாக, "எப்படி இருக்கு? சொல்லு" என்றார்.

"எல்லாம் ஒண்ணாட்டம் இருக்கு" என்றாள் அம்மா.

அப்பா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். நானும்தான்.

அன்றிலிருந்து அம்மா வீட்டுக்குள்ளேயே தொலைந்துபோக ஆரம்பித்தாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்று சும்மா சொல்வோம். நான் அதை எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்தேன். அடுப்படிக்குக் கிளம்பியவள் சாமி மாடத்தில் போய் முட்டுவாள். பாத்ரூம் சுவரில் காரை பெயர்ந்த ஒரு பள்ளம் இருந்தது, அதற்கு மேலே சுவிட்ச். இப்போது சுவரெல்லாம் ஒரே வழுவழுப்பு. சுவிட்சைத் தேடிச் சுவர் முழுக்கத் தடவுவாள். லைட் அவளுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள், அது எங்களுக்காகப் போடுவது, பாத்ரூமில் ஆள் இருக்கிறது என்று தெரிய. முழங்காலில் காயம், நெற்றியில் வீக்கம். கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தோம்.

"செவுத்துல கைய வெக்காத, அழுக்காவுது" என்று அப்பா கத்துவார்.

அவர் கத்துவதற்கு முன்னால் நான் ஈரத்துணி எடுத்து அம்மாவின் கைத்தடங்களைத் துடைத்துவிடுவேன். அப்பாவிடமிருந்து அவளைக் காப்பாற்றுவதாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். மூன்று டைல்ஸ் அடியில் கலவை சரியாகப் போய்ச் சேராமல், உள்ளே காலியாக இருந்தது. மிதித்தால் டொக் என்று ஒரு சத்தம் வரும். ஒன்று அடுப்படிக்குத் திரும்பும் இடத்தில், ஒன்று சாமி மாடத்துக்கு முன்னால், ஒன்று கொல்லைக் கதவருகில். எனக்குக் காதில் அந்தச் சத்தம் குத்தியது. இவ்வளவு செலவு பண்ணிப் போட்ட தரையில் ஓட்டையா என்று மேஸ்திரிக்கு போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். மனிதர் மறுநாளே வந்தார். காசால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்து, அந்த மூன்றையும் பெயர்த்தெடுக்கச் சுத்தியை எடுத்தார். தட்டுகிற சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அந்த மூணையும் விட்டுடுங்களேன், மேஸ்திரி. அத வெச்சுத்தான் நான் கொஞ்சம் கொஞ்சமா வழி கண்டுபுடிச்சிகிட்டிருக்கேன்."

மேஸ்திரி கையில் சுத்தியோடு என்னைப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் சரி என்று தலையை ஆட்டியிருந்தால் விட்டிருப்பார். "மாப்பிள்ள வூட்டுக்காரன் வந்து மிதிச்சா டொக்கு டொக்குன்னா சத்தம் வரணும்?" என்றார் அப்பா. நான் தலையை ஆட்டவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்றும் கல் மாதிரி உட்கார்ந்துவிட்டன.

அடுத்த மாதம் ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு வரன். ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு வீட்டம்மா தண்ணீர் கொடுத்து வாங்க என்று சொல்ல வேண்டும். அவள் வெளியே வராமல் இருந்தால்தான் சந்தேகம் வரும் என்றார் தரகர். அதனால் அம்மாவுக்கு ஒரு வாரம் நான் பயிற்சி கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு மார்ச்பாஸ்ட் பழக்குவார்களே, அந்த மாதிரி. அடுப்படி வாசலிலிருந்து ஒன்பது அடி, நில், வலது பக்கம் திரும்பு, மூன்று அடி, நீட்டு. காலி டம்ளர் அடுக்கிய தட்டோடு அம்மா நடந்து நடந்து பார்த்தாள். தன் வீட்டில் அடி எண்ணி நடப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பத்தில் ஏழு தடவை சரியாக வந்தது. மீதி மூன்றுக்கு நாற்காலிகளின் முன்னால் ஒரு ஜமுக்காளம் விரித்துவிடலாம், விளிம்பு காலில் பட்டால் நின்றுவிடலாம் என்று அவளே சொன்னாள். நல்ல யோசனை. விரித்தும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கார் தெருமுனையில் திரும்பும்போது அப்பா கூடத்துக்கு வந்தார். ஜமுக்காளத்தைப் பார்த்ததும் அவருக்கு வந்தது கோபம். "டைல்ஸ போட்டுட்டு அத ஜமுக்காளத்தப் போட்டு மூடி வெக்கிறதா? ஆருக்குக் காட்டறதுக்குப் போட்டோம்?" என்று ஒரே சுருட்டாகச் சுருட்டி உள்ளே எறிந்தார். அம்மாவிடம் சொல்ல நேரமில்லை. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

பையன், அவன் அப்பா அம்மா, அத்தை ஒருவர், தரகர். ஐந்து பேர், ஆறு நாற்காலி. நான் அறைக் கதவு இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அத்தை தரையைப் பார்த்துவிட்டு பையனின் அம்மாவின் முழங்கையை லேசாகத் தொட்டார். வேலை செய்கிறது என்று எனக்கு உள்ளே குளிர்ந்தது. அப்போது அம்மா தண்ணீர்த் தட்டோடு வந்தாள். முகத்தில் நல்ல சிரிப்பு. புதுப் புடவை. "வாங்க, எல்லாரும் வாங்க" என்றாள். ஒன்பது அடி நடந்தாள், திரும்பினாள். விளிம்பைத் தேடி அவள் கால் தரையைத் துழாவியது. ஜமுக்காளம் இல்லை. இன்னும் இரண்டு அடி வைத்துக் குனிந்து தட்டை நீட்டினாள்.

"எடுத்துக்குங்க."

ஆறாவது நாற்காலிக்கு முன்னால். அதில் யாரும் இல்லை.

அம்மா சிரித்துக்கொண்டே நின்றாள். "கூச்சப்படாம எடுத்துக்குங்க" என்று அந்த நாற்காலியிடம் இன்னொரு முறை சொன்னாள். பையனின் அம்மா பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டி ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷி, அதை நான் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அத்தை கேட்டுவிட்டார்.

"அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க. பிரஷர் மாத்திரை போடறா. கொஞ்சம் தலைசுத்தல்" என்றார் அப்பா.

அம்மாவுக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது புரிந்திருக்கும். சிரிப்பு அப்படியே இருந்தது. "ஆமாங்க, காலையிலேருந்து கிறுகிறுன்னுதான் வருது" என்றாள். அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. திரும்பிப் போகும்போது சுவரைத் தொடாமல் போகப் பார்த்தாள். அப்பா சொல்லியிருந்தது நினைவிருந்தது போலிருக்கிறது. கதவு நிலையில் தோள் இடித்து, தட்டிலிருந்த நாலு டம்ளரும் தரையில் விழுந்தன. அந்தப் பளபளப்பில் தண்ணீர் எங்கெங்கோ ஓடியது. நான் கதவு இடுக்கை விட்டு நகரவில்லை. பெண் பார்க்க வந்திருக்கும்போது பெண் துணி எடுத்துக்கொண்டு தரை துடைக்க வந்து நிற்கக் கூடாது என்று அந்த நேரத்திலும் எனக்குக் கணக்கு ஓடியது.

"கை நனைக்கறத அப்புறமா பாத்துக்குவோம்" என்று எழுந்துவிட்டார்கள். கேசரி அப்படியே இருந்தது.

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்று தரகர் வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார். அப்பா அடுப்படிக்கு வந்தார்.

"முப்பது வருசமா நடந்த வூட்டுல ஒம்பது அடி நேரா நடக்கத் தெரியல ஒனக்கு?"

"நான் நடந்த வூட்டத்தான் கொத்தி அள்ளிக் கொல்லையில கொட்டிட்டீங்களே" என்றாள் அம்மா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அப்பா வெங்காயம் குவித்து வைத்திருந்த பட்டறைப் பக்கம் போய்விட்டார். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரே ஒரு தடவ செரியா செஞ்சிருக்கலாம்லம்மா, எனக்காக" என்றேன்.

அப்பா சொன்னதைவிட இதுதான் மோசம். அப்பா கோபத்தில் சொன்னார். நான் அழுதுகொண்டே, நியாயம் கேட்கிற மாதிரி சொன்னேன். அம்மா என் பக்கம் கையை நீட்டினாள். நான் இருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நீட்டினாள். நான் அந்தக் கைக்கு நகர்ந்து போகவில்லை.

நாலு மாதம் கழித்து அரியலூரிலிருந்து அடுத்த வரன் வந்தது. பையனுக்கு அங்கே சிமெண்டு ஃபேக்டரியில் வேலை. அவர்கள் வருகிற தேதி தெரிந்ததும் அம்மா தானாகவே சொன்னாள்.

"நான் பூலாம்பாடிக்கு எங்கண்ணன் வூட்டுக்குப் போயிட்டு வரேன். அவங்க வந்துட்டுப் போனப்புறம் கூட்டியாங்க."

வேண்டாம் என்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அப்பா, "அதுவும் செரிதான்" என்றார். நான் அம்மாவின் பையில் நாலு புடவையை மடித்து வைத்தேன். மாமா வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போனார். வண்டியில் ஏறும்போது மாமா என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும், அதனால் நான் அவரைப் பார்க்கவில்லை.

அரியலூர்க்காரர்கள் வந்தார்கள். அம்மா எங்கே என்று கேட்டதற்கு, சொந்தத்தில் ஒரு காரியம், போயிருக்கிறாள் என்றார் அப்பா. அந்த வீட்டம்மா கூடத்தைச் சுற்றிப் பார்த்து, "வூட்ட கண்ணாடி மாதிரி வெச்சிருக்கீங்க" என்றார். தண்ணீர் நான் கொண்டுவந்தேன். பிறகு கேசரி, பிறகு வடை, பிறகு இலை போட்டுச் சாப்பாடு. எல்லோரும் கை நனைத்தார்கள். ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

அதே ஆளைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போது அரியலூரில் இருக்கிறேன். பேசி முடித்து இரண்டு வாரம் கழித்து, போனில் நானே அவரிடம் அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அழுகையைத் தயாராக வைத்துக்கொண்டு சொன்னேன். "இவ்வளவுதானா? மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். வேறு எந்தப் பெண்ணுக்கும் அந்த வார்த்தை கேட்டு நெஞ்சு குளிர்ந்திருக்கும். எனக்கு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது. அவர் கோபப்பட்டிருந்தால் நாங்கள் செய்ததற்கு ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு திருச்சிக்குப் போய் என் கண்ணையும் காட்டிவிட்டு வந்தேன், அவர்தான் கூட வந்தார். ஊர் வீட்டில் அம்மா இப்போதும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். கூடத்துச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு ஓடுகிறது. அப்பா அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது, அவர்கள் கை நனைத்துவிட்டுப் போன அந்தச் சாயங்காலம். அப்பா வாசலில் சந்தோஷமாக யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். நான் மாமா நம்பருக்குப் போட்டேன். மாமா என் குரல் கேட்டதும் அம்மாவிடம் கொடுத்தார்.

"கை நனைச்சாங்களா பாப்பா?" என்றாள்.

"நனைச்சாங்கம்மா. ஆவணின்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"நல்லதாப் போச்சு. அந்தத் தம்பி எப்படி, நல்லாப் பேசுச்சா?"

"நல்லாப் பேசுனாரும்மா."

மாமா வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு, சந்தைக்கு நானும் வரட்டுமா என்று கேட்கிற குரலில் அம்மா கேட்டாள்.

"கல்யாணத்துக்கு நான் வரலாம்ல பாப்பா?"

இதென்ன கேள்வி, நீ இல்லாமல் கல்யாணமா என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். மண்டபம், மேடைப் படி, வரிசையாக நிற்கப்போகிற அரியலூர்க்காரர்கள், அந்த அம்மாளின் முகம், எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன. சத்தம் வரவில்லை. ஒரு நொடிதான், அல்லது இரண்டு.

"செரி செரி, யோசிச்சு சொல்லு. அவசரம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அம்மா போனை மாமாவிடம் கொடுத்துவிட்டாள்.